கத்தரிக்கோலைப் பிள்ளைகள் கையிலேயே விட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்கா, அண்ணன்மார்களுக்கும் தாத்தா, பாட்டிகளுக்கும்,

பிள்ளைகளோடு உட்கார்ந்து கிறிஸ்துமஸ் படங்களுக்கு வண்ணம் தீட்டி, காகித நட்சத்திரமும் தோரணமும் செய்த வேலை நல்லபடியாக முடிந்தது. நேரில் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் யார் என்ன செய்தார்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். பாதிப் பேர் செய்த வேலை கண்ணில் படாத வேலை, அதனால்தான் இந்த மடல்.

முதலில் படங்களை வரைந்து கொடுத்த அக்காவுக்கு. வண்ணம் தீட்டும் படம் என்றால் எங்கிருந்தாவது ஒன்றை எடுத்து எல்லோருக்கும் அதையே கொடுத்துவிடுவதுதான் வழக்கம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தடித்த கோட்டில் ஒரு மணி, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு நட்சத்திரம் என்று தாளுக்கு ஒரு படம்தான் போட்டீர்கள், கிரேயானை முழுக்கையால் பிடித்து இழுக்கிற வயதில் அந்த அகலம் இருந்தால்தான் படம் முடியும். பெரிய பிள்ளைகளுக்கு மாட்டுக்கொட்டில், குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத்தொட்டியான முன்னணை, மேய்ப்பர்கள், ஆடுகள் எல்லாம் இருந்தன, ஆனால் தாளின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு "இங்கே யார் வருகிறார்கள்? நீயே வரை" என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், என்னைக் கேட்டால் அன்றைக்கு நடந்ததில் சிறந்தது அதுதான். ஒரு குழந்தை தன் பூனையைக் கொண்டுபோய் முன்னணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தது. இன்னொரு பையன், குழந்தை இயேசுவைப் பார்க்கக் காணிக்கையோடு வந்த ஞானிகளை ஐந்து பேராக வரைந்தான். மூன்று பேர்தானே என்று பக்கத்தில் இருந்தவன் சண்டைக்கு வர, வேதாகமப் பாடம் நடத்தும் அண்ணன் வந்து, மத்தேயு நற்செய்தியில் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லை, பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று என்று சொல்லி, ஐந்து பேரையும் அப்படியே நிற்க விட்டார். அண்ணா, அந்தப் பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

படங்களை லேசர் பிரிண்டரில் அச்செடுத்துத் தந்த தம்பிக்கும் நன்றி. எதில் எடுத்தால் என்ன என்று தோன்றும். பல இங்க்ஜெட் பிரிண்டர்களில் எடுத்த படத்தின் மேல் வாட்டர் கலர் பட்டால் கறுப்புக் கோடு கரைந்து மஞ்சள் நட்சத்திரம் அழுக்காகிவிடும், அதைப் பார்த்து அழாத குழந்தை இல்லை.

காகிதம் வெட்டி வைத்தவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் நீளம், 210 அகலம். பனித்துகள் பூ வெட்டச் சதுரம் வேண்டும், அதை எடுத்ததும் 87 மில்லிமீட்டரில் ஒரு பட்டை மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாமல் மூன்றாகக் கிழித்து, 29 மில்லிமீட்டர் அகலத்தில் சங்கிலித் தோரணத்துக்குக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். தோரணம் முழுவதும் மிச்சத் தாளில் செய்தது!

அந்தப் பனித்துகள் பூவுக்குத் தாளை மடித்து முடிக்கும்போது பன்னிரண்டு அடுக்கு ஆகிவிடும். சாதாரணத் தாளில் அத்தனை அடுக்கைச் சின்ன விரல்கள் வெட்ட முடியாது என்று யோசித்து மெல்லிய தாளும் கொண்டுவந்த பாட்டிக்குத் தனியாக ஒரு கும்பிடு. ஏன் ஆறு முனை, ஐந்து வெட்டக் கூடாதா என்று ஒரு சிறுமி கேட்டாள். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்கின்றன, அதனால்தான் பனித்துகளுக்கு ஆறு கை என்று விளக்கிய மாமா, 1611-லேயே கெப்ளர் என்ற வானியலாளர் இதே கேள்வியைக் கேட்டு ஒரு சிறு நூலே எழுதினார் என்றும் சொன்னார். தான் கேட்டதை ஒரு பெரிய விஞ்ஞானியும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு அவள் ஆறு முனைக்குக் குறைந்து எதையும் வெட்டவில்லை.

அப்புறம், இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கென்று தனிக் கத்தரிக்கோல் கொண்டுவந்த அக்கா. வழக்கமான கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும், கை அழுத்துகிற விதத்தில் அலகுகள் விலகித் தாள் நசுங்கும். குழந்தைக்கு வெட்டத் தெரியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். சரியான கத்தரிக்கோல் கைக்கு வந்ததும் அந்தப் பிள்ளைகள் வளைவுகளைக்கூட நிதானமாக வெட்டினார்கள்.

மினுக்குத் தூள் வேண்டாம் என்று உறுதியாக நின்றவர்களுக்கும் நன்றி. அது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், ஐரோப்பிய ஒன்றியமே 2023-ல் அப்படிப்பட்ட உதிரித் தூள் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது. பதிலுக்கு வண்ணத்தாளைப் பஞ்ச் செய்து விழுந்த வட்டங்களை ஒட்டினோம், அழகில் ஒரு குறையும் இல்லை.

நான்கு பட்டைகளைப் பின்னி ஃப்ரோபெல் நட்சத்திரம் சொல்லிக்கொடுத்த பெரியம்மாவின் பொறுமையை எழுத்தில் சொல்ல முடியவில்லை. கிண்டர்கார்டனைத் தொடங்கியவர் பெயரில் வழங்கும் நட்சத்திரம், ஆனால் சின்னக் குழந்தைகளுக்குக் கடினமான மடிப்பு. பெரிய பிள்ளைகளே தடுமாறினார்கள். அப்போதும் அவர்கள் தாளை நீங்கள் வாங்கவில்லை. உங்கள் கையில் தனியாக ஒன்றை வைத்து, ஒவ்வொரு மடிப்பையும் மெதுவாகச் செய்து காட்டி, அவர்கள் செய்து முடிக்கும் வரை காத்திருந்தீர்கள்.

மற்ற எல்லோரும் அப்படித்தான் இருந்தீர்கள், என் நன்றியில் பெரும்பங்கு அதற்குத்தான். கோணலாக வெட்டும் பிள்ளையிடமிருந்து வாங்கி "இரு, நான் நேராக வெட்டித் தருகிறேன்" என்று சொல்லக் கை துடிக்கும். நீங்கள் தாளைத் திருப்பிப் பிடித்தீர்கள், அவ்வளவுதான். ஒரு முனை நீண்டு ஒரு முனை குட்டையான நட்சத்திரங்களை நாம் அப்படியே மாட்டினோம். தன்னுடையது எது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தூரத்திலிருந்தே தெரிந்தது, பெற்றோரை இழுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள்.

கடைசிவரை இருந்து பசை ஒட்டிய மேசைகளைத் துடைத்த இளைஞர்களுக்கும் நன்றி.

படங்களின் மூலத்தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புகிறவர்கள் கேளுங்கள், வரைந்த அக்கா சம்மதித்துவிட்டார். நீல நிறப் பஞ்சிங் மெஷின் ஒன்றும் என்னிடம் தங்கிவிட்டது, யாருடையது என்று சொன்னால் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி