என்னை ஓய்வெடுக்க வெச்சவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். இத ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன். பேர் போட்டு எழுதினா உங்கள்ல பாதி பேர் கூச்சப்பட்டு என்கிட்ட சண்டைக்கு வருவீங்க, அதனால யார் பேரும் போடல, படிக்கும்போதே இது நமக்குத்தான்னு அவங்கவங்களுக்கு புரிஞ்சிடும்.

முதல்ல டாக்டரம்மா உங்களுக்கு. தூக்கம் வர ஒரு மாத்திரை எழுதி வாங்கிட்டு ஓடிடலாம்னுதான் நான் வந்தேன். நீங்க பேனாவையே எடுக்காம, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பாக்குறீங்கன்னு கேட்டீங்க, நான் கூட்டிப் பாத்து 60க்கு மேல வரும்னு சொன்னேன், ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் லேப்டாப் தொறக்குறத அதுல சேக்கவே இல்ல. வேலை ஜாஸ்தின்னு தெரிஞ்சும் உடனே வேலை மேல பழிய போடாம முதல்ல தைராய்டு, ரத்தசோகை, பிபி எல்லாம் பாக்க சொன்னீங்க பாருங்க, அதுக்கே தனியா ஒரு நன்றி, ஏன்னா அசதின்னு வந்தாலே "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்"னு அனுப்பிடறவங்கதான் நெறைய. ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு வந்தப்புறம்தான் அந்த கணக்க காட்டுனீங்க. உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓவும் (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) சேந்து 2021ல வெளியிட்டது, வாரத்துக்கு 35லருந்து 40 மணி நேரம் வேலை பாக்குறவங்களோட ஒப்பிட்டா 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ பாக்குறவங்களுக்கு பக்கவாதம் வர ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால சாகுற ஆபத்து 17 சதவீதம் அதிகம்னு. பயமுறுத்த காட்டலன்னு சொன்னீங்க. பயந்துட்டேன், ஆனா அந்த பயம் தேவைப்பட்டுச்சு.

அதோட, பர்ன் அவுட்ட ஒரு நோயா உலக சுகாதார நிறுவனமே சேக்கல, வேலை நடக்குற விதத்தால வர்ற நிலைமைன்னுதான் 2019ல வகைப்படுத்தியிருக்காங்கன்னு சொல்லி அதோட மூணு அடையாளத்த விளக்குனீங்க: ஆள் காலியாயிடற அளவு சோர்வு, வேலை மேல வெறுப்போ ஒட்டாத தன்மையோ வர்றது, எத செஞ்சாலும் உருப்படியா செய்யலன்னு தோணுறது. அந்த ரெண்டாவத கேட்டதும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது, அத செய்றவங்க மேலயெல்லாம் எரிஞ்சு விழுற ஆளா நான் மாறிட்டேன், என் குணமே கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்.

அடுத்து ஆபீஸ்ல என் பக்கத்து சீட் தம்பிக்கு. லீவ் அப்ரூவ் ஆயிடுச்சுன்னா ஓய்வு வந்துடும்னு நெனச்சேன். வரல. உடம்பு கட்டில்ல கெடக்கும், ஃபோன் அதிர்ந்தா கை தானா போகும், அதிராட்டியும் அதிர்ந்த மாதிரி இருக்கும். மன்த் எண்ட் க்ளோசிங் (மாசக் கடைசியில கணக்க முடிக்கறது) நேரத்துல நான் இல்லாம என்ன ஆகும்னு மண்டைக்குள்ள கணக்கு ஓடிட்டே இருக்கும். நீ வீட்டுக்கே வந்து, "அக்கா உங்களுக்கு மட்டும் தெரிஞ்சத எல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க, எழுதுனப்புறம் உங்கள குரூப்ல இருந்து தூக்கிடறேன், யாருக்கு சந்தேகம் வந்தாலும் என்கிட்டதான் வருவாங்க"ன்னு சொன்ன. பேங்க் ரிகன்சிலியேஷன்ல (பேங்க் கணக்கையும் நம்ம கணக்கையும் ஒப்பிட்டு சரி பாக்கறது) வழக்கமா எங்க உதைக்கும், எந்த பில்லுக்கு யார ரெண்டு தடவை ஞாபகப்படுத்தணும், யார் சைன் பண்ண லேட் பண்ணுவாங்கன்னு எல்லாம் எழுதுனேன். நான் இல்லன்னா ஒண்ணுமே நகராதுன்னு நெனச்ச அத்தனை விஷயமும் சில பக்கத்துல அடங்கிடுச்சு. நிம்மதியா இருந்துச்சு, உண்மைய சொல்லணும்னா கொஞ்சம் கோவமாவும் இருந்துச்சு. அந்த மாச க்ளோசிங்ல நீ எவ்ளோ அல்லாடினேன்னு அப்புறமா வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது, என்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடல நீ.

இத எழுதும்போதுதான் எனக்கே தெளிவாகுது, நான் ஓய்வெடுத்தேன்னு சொல்றதுல பாதி பொய். நான் எறக்கி வெச்சத யாரோ ஒருத்தர் தூக்கிட்டு நின்னாங்க, அதான் நடந்துச்சு. "உங்கள நீங்க பாத்துக்கோங்க"ன்னு சொல்றவங்க ஏராளம். குடுங்க நான் பாத்துக்கறேன்னு கைய நீட்டுனவங்க இந்த மடல்ல இருக்கற நீங்க மட்டும்தான்.

கவுன்சிலர் மேடம், படுத்தா தூக்கத்துக்கு பதிலா மறுநாள் வேலைதான் வருதுன்னு உங்ககிட்ட புலம்புனேன். முடிச்ச வேலைய விட முடியாத வேலைதான் மனசுல ஒட்டிக்கிட்டு நிக்கும்னு ஸைகார்னிக்ங்கற ஒரு ஆராய்ச்சியாளரம்மா 1927லயே எழுதியிருக்காங்கன்னு சொன்னீங்க. அப்புறம் 2018ல வந்த ஒரு தூக்க ஆராய்ச்சி, படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் அடுத்து செய்ய வேண்டியத எழுதுனவங்க, முடிச்சத எழுதுனவங்கள விட சீக்கிரம் தூங்கிட்டாங்களாம். இவ்ளோ சின்ன விஷயமான்னு நம்பிக்கையே இல்லாமத்தான் ஆரம்பிச்சேன். இப்ப தலகாணி பக்கத்துல நோட்டும் பேனாவும் இல்லாட்டி எனக்கு ஓடாது.

நீங்க சொன்ன இன்னொண்ணும் வேலை செஞ்சுது, சும்மா படுத்துக் கெடக்கறது மட்டுமே ஓய்வு இல்ல, வேலைக்கு சம்பந்தமே இல்லாத புதுசா ஒண்ண கத்துக்கறதும் மனச மீட்டு எடுக்கும்னு. அப்படித்தான் நீச்சல் குளத்துக்கு போனேன், அங்க ஃபோன் வர முடியாதுங்கறதே பெரிய விஷயம். கோச் சார், சின்னப் பசங்க பேட்ச்ல என்னையும் நிறுத்தி, ஒரு தடவை கூட சிரிக்காம சொல்லிக் குடுத்தீங்க. பயத்துல தலைய தூக்குனா கால் கீழ போகும், தலைய தண்ணியில சாய்ச்சா இடுப்பு தானா மேல வரும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க. (இதுல வாழ்க்கைத் தத்துவம் எதுவும் தேடாதீங்க, நெசமாவே கால் கீழதான் போகும்.) குளத்துல இருந்து வெளிய வர்றப்ப அந்த ஒரு மணி நேரமா ஆபீஸ் நெனப்பே வரலன்னு முதல் தடவை தோணுனப்ப எனக்கு யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு, உங்ககிட்டதான் வந்து உளறுனேன்.

அக்கா, நீ வந்து தங்குனதுக்கு நன்றின்னு சொன்னா அடிப்ப. "நீ லீவ் போட்டது ஆபீசுக்குத்தான், வீட்டுக்கு யாருடி லீவ் குடுப்பா"ன்னு வந்த அன்னிக்கே கேட்ட. யாருமே கேக்காத கேள்வி அது. லீவ்ல இருக்கற பொம்பள வீட்ல இருக்கறான்னா எல்லா அலமாரியும் அன்னிக்கே ஒதுங்கணும், எல்லா ரிப்பேரும் அன்னிக்கே முடியணும்னு நானும்தான் நெனச்சேன். நீ ஊருக்கு கெளம்புறதுக்கு முன்னாடி என் வீட்டுக்காரர உக்கார வெச்சு பேசுனியே, அது நீ செஞ்ச வேலையை விட பெருசு. அவருக்கும் நன்றி, பிள்ளையோட ஸ்கூல் விஷயம் மொத்தமும், என்னென்ன வேணும்னு யோசிக்கறதுல இருந்து அவர்தான் இப்ப பாக்குறார். "உனக்கு ஹெல்ப் பண்றேன்"னு மட்டும் இன்னும் சொல்றார், அது உங்க பிள்ளையும்தாங்க.

கடைசியா மேனேஜர் மேடம். ஒருத்தர் வேலைய விட்டுப் போன இடத்த நிரப்பாம அவர் வேலையும் என் தலையில விழுந்ததுதான் இத்தனைக்கும் காரணம்னு நீங்கதான் மேல எழுதிக் குடுத்தீங்க, நான் கேக்காமலே. ஆள் போட்டிருக்காட்டி எத்தனை நீச்சல் அடிச்சும் பிரயோஜனமில்ல, திரும்பி வந்து அதே பாரத்துக்குள்ளதான் விழுந்திருப்பேன். சாயங்காலத்துக்கு மேல வர்ற மெயிலுக்கு யாரும் பதில் போட வேணாம்னு டீம்ல சொன்னதோட நிறுத்தாம, நீங்களும் அனுப்பறத நிறுத்தினீங்க, அதான் பெரிய விஷயம். ஃப்ரான்ஸ்ல 2017லயும் ஆஸ்திரேலியால 2024லயும் இதுக்கு சட்டமே வந்துடுச்சு. ஐஎல்ஓ 1919ல போட்ட முதல் ஒப்பந்தமே தொழிற்சாலைகளுக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணின்னுதான். நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, நாம இன்னும் ராத்திரி மெயில் பாத்துட்டு பெருமையா பேசிட்டிருக்கோம்.

முழுசா சரியாயிட்டேன்னு சொல்ல மாட்டேன், சில ராத்திரி இன்னும் முழிப்பு வருது, சில ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வயித்த பெசையுது. ஆனா வேலை மேல இருந்த அந்த வெறுப்பு போயிடுச்சு.

தம்பி, இப்ப உன் முறை. நீ லீவ் போட்டு எவ்ளோ நாளாச்சுன்னு எச்ஆர்ல கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன், நீ சொன்ன கணக்கு சுத்தப் பொய். உனக்கு மட்டும் தெரிஞ்சத எல்லாம் ஒரு நோட்டுல எழுது. அடுத்த மாச க்ளோசிங் நான் பாத்துக்கறேன், குரூப்ல இருந்து உன்ன தூக்கறதும் நான்தான். தேதிய மட்டும் இந்த வாரத்துக்குள்ள சொல்லு, அப்ரூவல் போடணும்.