கிட் பத்து நாளில் முடிந்த வேலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட் மென்பொருளைப் பத்தே நாளில் எழுதி முடித்தார் என்று உங்கள் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல நடை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு என்ன நினைத்துக்கொள்வார்கள் என்று யோசித்தால்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. ஒரு மேதை, ஒரு மடிக்கணினி, பத்து ராத்திரி, அவ்வளவுதான் மென்பொருள் என்று ஆகிவிடுகிறது.

நடந்தது என்ன என்றால், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் 2002 முதல் இதே வேலைக்கு பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளைப் பயன்படுத்தி வந்தார்கள், 2005-இல் அதன் இலவச உரிமம் பறிபோனது, டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்று கிட்டின் முதல் கமிட், அதாவது பதிந்து வைத்த முதல் மாற்றம், கிட்டுக்குள்ளேயே போடப்பட்டது. இதெல்லாம் உண்மைதான். அந்த முதல் கமிட் இன்றும் அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். 11 கோப்புகள், ஆயிரத்துச் சொச்சம் வரிகள். அதில் தனிக் கிளை பிரிக்கும் பிராஞ்ச் கிடையாது, கிளைகளைச் சேர்க்கும் மெர்ஜ் கிடையாது, மற்றவர்களுக்கு அனுப்பும் புஷ், அவர்களிடமிருந்து எடுக்கும் புல் எதுவும் கிடையாது. எல்லாம் போய் உட்காரும் அடைவின் (ஃபோல்டரின்) பெயர்கூட 'டாட் கிட்' இல்லை, 'டாட் டிர்கேஷ்'. இன்று நாம் கிட் என்று சொல்கிற பொருளின் விதை அது, சந்தேகமில்லை. ஆனால் விதையைக் காட்டி மரம் முளைத்துவிட்டது என்று எழுதினால் எப்படி?

கட்டுரை விட்டுவிட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. கிட் தன்னிடம் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஷா-1 என்ற முறையில் ஒரு ஹாஷ், அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி ஒரு எண், கணக்கிட்டு அதையே பெயராக வைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில், தரவைச் சுருக்கிய பிறகு ஹாஷ் போட்டார்கள். ஏப்ரல் 20 அன்று டோர்வால்ட்ஸ் அதை மாற்றி, சுருக்குவதற்கு முன்பே ஹாஷ் போடும்படி செய்தார். அப்படிச் செய்தால் ஏற்கெனவே இருக்கிற எல்லா ரெப்போவிலும் (கிட்டில் வைத்த நிரல் சேமிப்பிலும்) எல்லாப் பெயர்களும் மாறிவிடும். பரவாயில்லை, அப்போது பயன்படுத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான், இருந்ததை மாற்றிக்கொள்ள ஒரு குட்டி நிரலும் வந்தது, வேலை முடிந்தது.

இதே மாதிரி ஒரு மாற்றம் பத்து வருஷம் கழித்துத் தேவைப்பட்டது. ஷா-1 பலவீனமாகிக்கொண்டு வருவது தெரிந்துவிட்டது. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற சி.டபிள்யூ.ஐ ஆய்வு மையமும் ஒரே ஷா-1 வருகிற இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப் கோப்புகளைச் செய்தே காட்டிவிட்டார்கள். ஆக ஹாஷை மாற்றியாக வேண்டும். ஆனால் இந்த முறை உலகமே கிட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைவிடச் சிக்கல், ஷா-1 என்றால் 20 பைட் என்ற நினைப்பு நிரல் முழுக்க ஊறிக் கிடக்கிறது: இங்கே ஒரு 20, அங்கே அதை எழுத்துகளாக எழுதினால் வரும் 40, மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்றால் எந்த 20 ஹாஷின் நீளம், எந்த 20 வேறு எதற்கோ போட்டது என்று மனிதர் ஒருவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாற்றாக வர வேண்டிய ஷா-256-க்கு வேண்டியதோ 32 பைட்.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை. அந்த பி.டி.எஃப் கோப்புகள் வருவதற்கு முன்பே, 2015 மார்ச்சில் பிரையன் கார்ல்சன் என்ற டெவலப்பர் ஒரு சின்ன பேட்ச், அதாவது நிரலில் செய்ய வேண்டிய ஒரு மாற்றத்தை, அனுப்பினார். 20 பைட்டை நேராகப் பிடித்துக்கொள்ளாமல், அதை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் (பெயர் வைத்த ஒரு பெட்டிக்குள்) வைப்பது, அவ்வளவுதான் முதல் அடி. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. அப்புறம் ஒவ்வொரு கோப்பாக, ஒவ்வொரு ஃபங்ஷனாகப் பழைய வகையிலிருந்து புதியதற்கு. ஒவ்வொரு பேட்சும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும், டெஸ்ட்கள் பாஸாக வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இடையில் மற்றவர்கள் அதே நிரலில் வேறு வேலைகள் செய்துகொண்டுதான் இருந்தார்கள், வெளியீடுகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆள் குடியிருக்கிற வீட்டில் மின்சாரத்தை நிறுத்தாமல் ஒயரிங்கை மாற்றுகிற வேலை. சோதனை அளவில் ஷா-256 வந்தது 2.29 பதிப்பில், 2020 அக்டோபரில். ஐந்து வருஷத்துக்கு மேல். 2005-இல் ஒரே நாளில் முடிந்த அதே ரகம் வேலை! ஒரு தனிக் கிளையில் எல்லாவற்றையும் எழுதி ஒருநாள் மொத்தமாகக் கொட்டியிருந்தால் அதை ரிவ்யூ செய்ய யாராலும் முடிந்திருக்காது, மெர்ஜும் ஆகியிருக்காது.

கமிட்டுகளை எடுத்து வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கும் ரீபேஸ் கட்டளையும் இப்படித்தான். அது ரொம்ப நாள் ஷெல் ஸ்கிரிப்டாகத்தான் இருந்தது. 2018 டிசம்பரில் வந்த 2.20-இல் சி மொழிக்கு மாறியது. அதில் பெரும்பகுதி கூகுளின் கோடைக்கால நிரல் திட்டத்தில் சேர்ந்த மாணவர்களின் உழைப்பு. அப்போதும் பழைய ஸ்கிரிப்டை உடனே தூக்கி எறியவில்லை. புதியது சொதப்பினால் பழையதற்குத் திரும்ப ஒரு செட்டிங் வைத்திருந்து, நிலைமை சரியான பிறகுதான் எடுத்தார்கள்.

சின்னச் சின்னதாக மாற்றுவது பொறுமைக்கான பாடம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், கைமேல் லாபம் இருக்கிறது. கிட் பைசெக்ட் என்று ஒரு கட்டளை, எந்த கமிட்டில் பிழை நுழைந்தது என்று பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடும். ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்து சோதனையில் குற்றவாளி சிக்கிவிடுவார். ஆனால் சிக்கிய கமிட்டில் நாலாயிரம் வரி இருந்தால்? தேடியதே வீண். நான் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறேன், மாணவர்கள் காட்டுகிற புராஜெக்டுகளைப் பார்க்கிறேன். 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', 'ஆல் சேஞ்சஸ்' என்று மூன்றே கமிட். என்ன மாற்றினாய் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. பாவம், கமிட் செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் எந்த அளவில் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

இன்னொரு திருத்தமும் போட்டுவிடுங்கள். கிட்டை இன்றும் டோர்வால்ட்ஸ்தான் நடத்துகிறார் என்ற தொனி கட்டுரையில் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்றே அவர் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் டிசம்பரில் 1.0 வெளியிட்டவரும் ஹமானோதான். வருஷக்கணக்காக மற்றவர்களின் பேட்சுகளை வரி வரியாகப் படித்து, இதை இரண்டாகப் பிரி, ஏன் மாற்றினாய் என்று கமிட் மெசேஜில் எழுது என்று திருப்பி அனுப்பியவர் பெயர் ஒரு வரியிலாவது வந்திருக்கலாம்.

கிட்டின் ரெப்போவையே யாரும் இலவசமாக குளோன் செய்யலாம், அதாவது முழுசாகத் தன் கணினிக்கு நகலெடுக்கலாம். 'கிட் லாக்' கட்டளையோடு 'ரிவர்ஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் முதல் கமிட்டிலிருந்து வரிசையாக வரும். முதல் ஐம்பதைப் படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், ஆங்கிலமும் கடினமில்லை. அடுத்த வாரம் அதே பக்கத்தில் இதைப் பெட்டிச் செய்தியாகப் போட முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கோயம்புத்தூர்