டோரு ஆற்று ரயிலை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழில் வந்த போர்ச்சுகல் பயணக் கட்டுரையைப் படித்தேன். லிஸ்பன், பெலேம் கோபுரம், சின்ட்ரா அரண்மனை எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் வடக்கே இருக்கும் போர்ட்டோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்தவனுக்கு அது மனசு கேட்கவில்லை.

போன வருஷம் போர்ட்டோவில் மகள் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தேன். அங்கே சாவோ பென்ட்டோ ரயில் நிலையத்துக்கு மட்டும் நாலு முறை போனேன். 1916-ல் திறந்த நிலையம். முன்கூடத்துச் சுவர்களில் சுமார் 20,000 ஓடுகள், பெரும்பாலும் நீலமும் வெள்ளையும். ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் வரைந்தவை. ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றேன். எகாஸ் மொனிஸ் என்ற பிரபு, தன் இளவரசனுக்காக லியோன் அரசனிடம் வாக்குக் கொடுத்தாராம். இளவரசன் அதைக் காப்பாற்றவில்லை. சொன்ன வாக்குக்குத் தன் உயிரையே ஈடாக வைத்து, மனைவி மக்களோடு அந்த அரசன் முன் போய் நிற்கிறார். அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. டிக்கெட் வாங்க வருகிறவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

அங்கிருந்து ரயிலேறி டோரு ஆற்றோரமாகப் பின்யாவ் வரை போனேன். முதல் ஒரு மணி நேரம் சாதாரண ஊர்கள்தான். அப்புறம் ஆறு வந்து தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எதிரே இருந்த மூதாட்டி கையைக் காட்டி "ஜனெலா, ஜனெலா" என்றார். ஜன்னல்! பாஷை தெரியாத எனக்கு அந்த ஒரு சொல் போதும், எழுந்து ஜன்னலோரம் மாறி உட்கார்ந்தேன். நம் ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை என்று படித்திருக்கிறேன். ஓடும் ரயிலில் காதால் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

வெளியே மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் சுவர்கள், படிக்குப் படி திராட்சைக் கொடி. பாறையை உடைத்து, சுண்ணாம்பு வைக்காமல் கல்லின் மேல் கல்லாகத் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் கையால் அடுக்கியவை. 2001-ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அறுவடைக் காட்சிகளைப் பின்யாவ் நிலையத்தின் சுவர் ஓடுகளிலும் தீட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கிருந்து படகில்தான் ஒயின் போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கிடங்குகளுக்குப் போனதாம். அதை நிரப்பும் மரப் பீப்பாய்க்கு அவர்கள் இன்றும் சொல்லும் பெயர் 'பிப்பா'.

போர்ச்சுகல் போகும் வாசகர்கள் இந்த ரயிலுக்காக ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். செப்டம்பரில் போனால் அறுவடையையும் பார்க்கலாம். போர்ட்டோவிலிருந்து போகும்போது வலப்பக்கம் இடம் பிடியுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான்.

– ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், விழுப்புரம்