பிங்க் அட்டை

அன்புள்ள மச்சி,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே சிங்கப்பூரில் நானும் என் துணைவனும் நலம். தோ பாயோ வீட்டுக்கு ஒருவழியாகப் பெயிண்ட் அடித்துவிட்டோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கணக்கில் நாங்கள் தம்பதி இல்லை, இன்னமும் சேர்ந்து வீடு வாங்கிய இரண்டு ‘தனியாட்கள்’தான். அதற்கே 35 வயது வரை காத்திருந்தோம்.

“377ஏ-தான் போய்விட்டதே, இன்னும் என்னடா குறை?” என்று கேட்டிருக்கிறாய், ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய அந்தச் சட்டப்பிரிவைச் சொல்லி. 2022 நவம்பரில் அதை நீக்கிய கையோடு, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்ற விளக்கத்தை அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்தில் அசைக்க முடியாதபடி அரசியல் சாசனத்தையும் திருத்தினார்கள். நம் ஆட்கள் பலருக்கு அடுத்த இலக்கு அதுதான்: கல்யாணம், அரசு புதிதாகக் கட்டித்தரும் பிடிஓ வீடு. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மனசு வேறொன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

2017 பிங்க் டாட், நம் ஆட்கள் வருஷாவருஷம் கூடும் அந்தக் கூட்டம், ஞாபகம் இருக்கிறதா? குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே வரலாம் என்று சட்டம் வந்த வருஷம். ஹாங் லிம் பூங்காவைச் சுற்றித் தடுப்புவேலி, வாசலில் ஐசி (அடையாள அட்டை) சோதனை. என்னோடு ஒரு தம்பி வந்திருந்தான்; புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை. சலவைச் சட்டை போட்டு, தலைவாரி, அவ்வளவு ஆசையாக வந்தான். நான் குடிமக்களுக்கான பிங்க் ஐசியைக் காட்டி உள்ளே போனேன். அவன் ஒர்க் பெர்மிட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. “நீங்க போங்கண்ணே” என்று வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான். நம் கூட்டத்தின் பிங்க் நிறமே அந்தக் குடிமக்கள் அட்டையிலிருந்து வந்ததுதானே!

நடாலி ஆஸ்வின் என்ற புவியியலாளர் சிங்கப்பூர் பற்றி எழுதியதைப் படித்தபோது அவன் முகம்தான் வந்தது. ‘முறையான குடும்பம்’ என்ற அளவுகோல் நம்மை மட்டும் தள்ளவில்லை, விடுதியில் கிடக்கும் வெளிநாட்டு ஊழியரையும் தள்ளுகிறது என்கிறார். யோசித்துப் பார், அவர்கள் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. சிங்கப்பூரரை மணக்க வேண்டுமென்றாலும் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். “நாங்களும் உங்களைப்போல் குடும்பஸ்தர்கள்தான்” என்று சொல்லி உள்ளே இடம் கேட்கும் அரசியலுக்கு லிசா டகன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘ஹோமோநார்மேட்டிவிட்டி’ என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் நம் வீட்டு விஷயம். உள்ளே போனபிறகு வேலியை யார் நினைக்கிறோம்? அன்று நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தம்பி பொங்கலன்று ஊரிலிருந்து அழைத்தான். கல்யாணம் ஆகிவிட்டதாம். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சி