திறப்புவிழாவுக்கும் உடைப்புக்கும் நடுவே

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உனக்கும் மூட்டுவலி வந்துவிட்டதாமே, வரட்டும்; நான் மட்டும் ஏன் முனகிக்கொண்டு மாடி ஏற வேண்டும்? வெயிலைப் பற்றி எழுதப்போவதில்லை. வேலூர்க்காரன் அதை எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது. மருமகள் ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பேரன் யார் பேச்சையும் கேட்பதில்லை.

உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஊடகமும் உள்கட்டமைப்பும் என்று கட்டுரை எழுதுகிறாள், தொலைபேசித் துறையில் கேபிள் குழிகளோடு காலம் தள்ளிய பெரியப்பாவைக் கேட்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். சாலை, குழாய், கம்பி எல்லாம் பழுதானால்தான் கண்ணில் படுகின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சூசன் லீ ஸ்டார் சொன்னதை அவள் குறிப்பில் அடிக்கோடிட்டிருக்கிறாள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். யார் கண்ணில்? ஈய உறைக்குள் காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகள் இருந்த காலத்தில், ஈரம் புகுந்தால் தெருவே ஊமையாகிவிடும். கேபிளை இணைக்கும் ஜாயின்டர் குடையோடு குழிக்குள் இறங்குவார். பிறகு ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்தது. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று நிறம் பார்த்து ஜோடி ஜோடியாக இணைக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் நீலமும் சாம்பலும் ஒன்றுபோலத் தெரியும். அந்த மனிதருக்குக் கேபிள் ஒருநாளாவது கண்ணில் படாமல் இருந்திருக்குமா?

அதே அம்மையார் 1999-இல் எழுதிய கட்டுரையில் இன்னொன்றும் சொல்கிறார்: சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படிக்கட்டு வசதியல்ல, தடை. மகளை அதைப் பிடித்துக்கொள்ளச் சொல். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காகக் காட்பாடியில் வண்டியை விட்டு இறங்கும் வங்காளத்து நோயாளியைப் பார்த்தால் புரியும். நமக்கு அது நடைமேடை. அவருக்கு அங்கிருந்து ஆஸ்பத்திரிவரை ஒவ்வொரு படியும் ஒவ்வொரு கணக்கு. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள விடுதிகளில் வங்காளி எழுத்தில் தொங்கும் பெயர்ப்பலகைகள்தான் அவருக்குச் சாலையைவிடப் பெரிய உதவி. ஊடகம் என்றால் அதையும் சேர்க்க வேண்டாமா?

பத்திரிகை விஷயத்தில்தான் எனக்குக் கோபம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ஓடியது, அது வரலாறு. அந்தப் பாதையின் நீட்சியில், திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே பொன்னையாற்றுப் பாலம் 2021 டிசம்பரில் சேதமாகி ரயில்கள் ரத்தாயின, அது செய்தி. இரண்டுக்கும் இடைப்பட்ட 165 ஆண்டுகள் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த ஆப்பைச் சுத்தியால் தட்டிவிட்டுப் போன கேங்மேன்களுக்கு ஒரு பத்தி உண்டா? ரிப்பன் வெட்டினால் படம், இடிந்து விழுந்தால் படம். நன்றாக ஓடிக்கொண்டிருப்பது யாருக்கும் செய்தியில்லை. இத்தனைக்கும் தண்டவாள ஓரத்திலேயே ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல்லின் கண்ணாடி இழைக் கேபிளும் போகிறது. ரயில் ரத்து என்ற செய்தியே அந்த ஓரமாக வந்திருக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உள்ளூர்ப் பக்கத்தின் மூலையில் வருமே, ‘நாளைய மின்தடை’. இன்ன துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, கீழ்க்கண்ட பகுதிகள் என்று போட்டுவிட்டு ஊர்ப்பெயர்களாக அடுக்குவார்கள். கொலையோ திருவிழாவோ நடந்தால் ஒழிய அச்சேறாத குக்கிராமங்கள் எல்லாம் அங்கே சத்தமில்லாமல் வந்துபோகின்றன. அதை எழுதியவர் பெயர் போடுவதில்லை. தினம் காலையில் நான் முதலில் படிப்பது அதைத்தான். உன் மகள் ஒரு வருடத்து மின்தடை அறிவிப்புகளைச் சேர்த்து வைத்து எழுதினால், அதுவே நல்ல ஆய்வாக இருக்கும்.

நம் ஊரைப் பற்றிய பழைய கேலி நினைவிருக்கிறதா? தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், அரசனில்லாத கோட்டை. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோயிலுக்கு வந்துவிட்டார், 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. அரசன் ஒருவன்தான் பாக்கி. கேலி பேசியவர்கள் மணலின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். அடியில் ஊறிய தண்ணீரில்தான் கிணறுகளும் குடிநீர்த் திட்டங்களும் பிழைத்தன. தோல் பதனிடும் கழிவு அதைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாயில் வருகிறது. மணலடி ஊற்றை யாரும் விழா வைத்துத் திறக்கவில்லை; அதனால் அது இன்ன தேதியில் கெட்டது என்று எந்தப் பத்திரிகையாலும் சொல்ல முடியவில்லை.

மகளை அனுப்பிவை. வாலாஜா பக்கம் 1858-இல் கட்டிய பாலாற்று அணைக்கட்டையும், அங்கிருந்து தண்ணீர் போகும் காவேரிப்பாக்கம் ஏரியையும் காட்டுகிறேன். மதகு திறப்பவரிடம் அவள் அரைநாள் உட்காரட்டும். என்னைவிட நன்றாகச் சொல்வார். ஐப்பசியில் வந்தால் ஏரியில் தண்ணீரும் இருக்கும். எந்த ரயில் என்று மட்டும் முன்னதாக எழுதச் சொல், ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். தங்கையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்