ரேங்க் வந்த பிறகா துறையை யோசிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எம்.டி., எம்.எஸ். போன்ற மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜி முடிவு வந்ததும் பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, “இந்த ரேங்குக்கு எது கிடைக்கும்?” எந்தத் துறை வேண்டும் என்பதை, எம்.பி.பி.எஸ். முடிவில் துறை துறையாகச் சுற்றிவரும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக் காலத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

அந்த 52 வாரங்களில் சமூக மருத்துவத்துக்கு 12, மகப்பேறுக்கு 7, பொது மருத்துவத்துக்கும் அறுவைக்கும் தலா 6. தோல் நோய்க்கு 1. முன்வரிசை ரேங்குக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகும், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிக்கோ கட்டாயச் சுற்றில் தனி வாரமே இல்லை. ஸ்கேன் அறையில் ஒரு முழு நாள்கூட உட்காராதவர் மூன்றாண்டுப் படிப்பை எடுக்கிறார். நைட் டூட்டி இருக்காது என்று நம்பிச் சேர்ந்தவர், விபத்து கேஸ்களின் சிடி ஸ்கேன்கள் நள்ளிரவில் வரிசைகட்டும்போது திணறுகிறார். விருப்பப் பிரிவுகளுக்கென 4 வாரம் உண்டு, ஆயுர்வேதம், சித்தா போன்ற ஆயுஷ் முறைகளும் அதற்குள்தான். கட்டாயச் சுற்றில் இல்லாத துறையை அதில் கேட்டு வாங்குங்கள். அத்துறையில் இரண்டாமாண்டு பிஜி படிப்பவருடன் ஓர் இரவு முழுக்க இருந்து பாருங்கள். பேராசிரியர் சொல்லாததை அவர் சொல்வார்.

சொந்த ஊரில் தொழில் செய்ய நினைப்பவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் வைக்க 1994ஆம் ஆண்டின் கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி பதிவு வேண்டும். மயக்க மருந்து நிபுணர் பல மருத்துவமனைகளுக்குப் போய்வரலாம், ஆனால் அவர் நேரம் சர்ஜன் கையில். மனநல மருத்துவத்தை நம் பிள்ளைகள் ஏன் கடைசியில் வைக்கிறார்களோ தெரியவில்லை. பெரிய கருவி எதுவும் தேவைப்படாத துறை. பேச்சுதான் அதில் பரிசோதனை. கொழிஞ்சாம்பாறையிலும் எருத்தேம்பதியிலும் மனக்கலக்கத்தோடு வருபவர் அதைத் தமிழில்தான் கொட்டுவார். தமிழும் மலையாளமும் அறிந்த மருத்துவர் இங்கே அவசியம் தேவை. தமிழ்நாட்டில் படித்தவர்கள் கேரள மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளவும், பிஜி பட்டத்தையும் சேர்க்கவும் மறக்கக் கூடாது.

இட ஒதுக்கீட்டுக் கவுன்சலிங்கில் நாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்தித் தரும் சாய்ஸ் பட்டியலில் ‘கிடைக்கக்கூடியதை’ மேலே போடுவது பெரும் தவறு. ரேங்க் வரிசையில் ஒவ்வொருவருக்கும், அவர் பட்டியலில் மேலிருந்து முதலில் காலியாக உள்ள இடமே ஒதுக்கப்படும். கிடைக்காததை முதலில் எழுதியதால் கீழே உள்ளது கைநழுவாது. பிடிக்காத துறையை எழுதவே வேண்டாம். சேர்ந்துவிட்டு விலகினால் பல மாநிலங்களில் லட்சக்கணக்கில் அபராதம் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்லூரி ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்