செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய இயந்திரங்களும் சரியான எக்ஸ்போஷரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மூத்த உறுப்பினர்களே, இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நமது புகைப்படச் சங்கம் இந்த ஆண்டு முழுவதும் பழைய இயந்திரங்களையே எடுத்துக்கொண்டது. கோவை வட்டாரத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷின், அரிசி ஆலையின் ஆயில் எஞ்சின், பட்டறை லேத், குன்னூர் மலையேறும் நீராவி எஞ்சின் என்று எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் பல, நாளைக்கே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விடலாம். அதனால் படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது, இயந்திரம் உள்ளபடி தெரிய வேண்டும் என்று செயற்குழு முதலிலேயே சொல்லிவிட்டது.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அவற்றில் அதிகம் பேசப்பட்டது எக்ஸ்போஷர், அதாவது படம் பதிய விடும் ஒளியின் அளவு, பற்றித்தான். எனவே இந்த அறிக்கையிலும் அதற்கே கூடுதல் இடம் தருகிறேன்.

முதல் களப்பணி ஒரு பழைய அச்சகத்தில் நடந்தது. எண்ணெயும் மையும் ஊறிய கறுப்பு வார்ப்பிரும்பு டிரெடில். தலைக்கு மேல் ஒரே ஒரு டியூப்லைட். நாம் எடுத்த படங்களை அச்சக உரிமையாளரான பெரியவரிடம் காட்டியபோது, "என்னப்பா, மெஷின் சாம்பல் பூசின மாதிரி இருக்கு? தினமும் துடைச்சு எண்ணெய் விடுறேன், இப்படியா வெளுத்திருக்கும்?" என்றார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

எதிரே இருப்பது கறுப்பு இரும்பா வெள்ளைச் சுவரா என்பது கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல், அதாவது ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடும். படச் சட்டம் முழுவதும் கறுப்பு மெஷின் நிறைந்தால், 'வெளிச்சம் போதவில்லை' என்று எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும். இரும்பு வெளுத்துவிடும், தேய்ந்து பளபளக்கும் இடங்களோ வெறும் வெள்ளையாகிவிடும். மறுமுறை போனபோது ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வார்ப்பிரும்பின் மேல் வைத்து அளந்து, அந்த அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்தோம் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). இரும்பு இரும்பாக வந்தது, வார்ப்பின் சொரசொரப்பும் தெரிந்தது.

மை பரவும் வட்டத் தகடுதான் கடைசி வரை படுத்தியது. டியூப்லைட் அதில் வெள்ளைக் கோடாக விழுந்தது. ஃபிளாஷ் போட்டால் இன்னும் மோசம். மூத்த உறுப்பினர் ஒருவர் விளக்குக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். கோடு அகன்று, மெல்லிய பளபளப்பாக மாறியது. மிதிக்கட்டைப் பக்கத்து இருட்டுக்கு ஒரு தெர்மாகோல் அட்டையைத் தரையில் சாய்த்து வைத்ததே போதுமானதாக இருந்தது. டிரைபாட், எஃப் 8 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர் திறன்), சில விநாடி எக்ஸ்போஷர். கூட்டிக் குறைத்துப் பல படம் எடுக்கும்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும்; அப்பர்ச்சரில் கை வைத்தால் படத்துக்குப் படம் கூர்மையின் ஆழம் மாறிவிடும். ஃபிலிமில் எடுக்கும் பெரியவர்கள், ஒரு விநாடிக்கு மேல் போனால் மீட்டர் காட்டுவதைவிடக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைவூட்டினார்கள். அந்தப் படம் இப்போது அச்சகச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது.

இதில் ஒரு கருத்து வேறுபாடும் எழுந்தது. ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுப்பவர்கள், எடுக்கும்போதே ஏன் குறைக்க வேண்டும், வெள்ளை வெடிக்காத அளவுக்குக் கூட்டி எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் இறக்கினால் நிழலில் புள்ளி விழாதே என்றார்கள். அது சரிதான். ஆனால் ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கே அது கைகூடும். ஜேபெக்கிலோ மொபைலிலோ எடுப்பவர்கள் எடுக்கும்போதே குறைப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. மொபைலில் இரும்பின் மேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வேலை முடிந்தது.

அரிசி ஆலையின் எல்.ஈ.டி. விளக்குகளால் சிலர் படங்களில் பட்டை பட்டையாக விழுந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 100-இல் ஒரு விநாடியிலோ 50-இல் ஒரு விநாடியிலோ வைத்தால் பட்டை மறையும். ஓடும் பிளைவீலுக்கு 15-இல் ஒரு விநாடி வைத்தால், ஆரங்கள் கலங்கிச் சுழற்சி தெரியும்.

மேட்டுப்பாளையம் பயணத்துக்குத்தான் உறுப்பினர்கள் அதிகம் வந்தார்கள். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு எஞ்சின்களில் பழையவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி ஏறுவதால், எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். மலைப் பக்கம் காத்திருந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது பெட்டிதான்!

இங்கே சிக்கல் நேர்மாறானது. வெண்ணிற ஆவி சட்டத்துக்குள் வந்ததும் ஆட்டோ மீட்டர் எக்ஸ்போஷரைக் குறைத்துவிடுகிறது. நீல எஞ்சினும் அதன் கறுப்பு முகப்பும் இருண்டுபோகின்றன. ரயில் வருமுன்பே, அதே வெயில் படும் புல்லை அளந்து மேனுவலில் பூட்டிவிடுவதே வழி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்றால் 400-இல் ஒரு விநாடி சரியாக வரும். காலைச் சாய்வெயிலுக்கு ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளலாம். குன்னூரில் மூடுபனி இருந்தபோது மீட்டர் காட்டியதைவிட ஒரு ஸ்டாப் கூட்டியவர்களுக்கே பனி வெள்ளையாக வந்தது. தண்டவாளத்தில் யாரும் இறங்கக் கூடாது என்ற விதியை எல்லோரும் மதித்து நடந்துகொண்டதற்கு நன்றி.

ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு மேட் தாளில் போட்ட பிரிண்டுகளில் கறுப்பு ஆழமாக வரவில்லை. வரும் ஆண்டு இயந்திரப் படங்களுக்குப் பளபளப்புத் தாளே வாங்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அரிசி ஆலை எஞ்சின்களை முழுமையாகப் பதிவு செய்யும் வேலை பாதியில் நிற்கிறது. அதைத் தொடரவும், சங்கத்துக்குக் கையடக்க ஒளிமானி ஒன்று வாங்கவும் பேரவையின் ஒப்புதல் தேவை.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார். கதவைத் திறந்துவிட்ட அச்சக, ஆலை, பட்டறை உரிமையாளர்களுக்கும், நம் படங்களுக்காக மெஷினை நிறுத்தியும் ஓட்டியும் காட்டிய தொழிலாளர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்